மேடைக்கு விட்டுவைத்த வரி

மருதமுனை
11.01.2024

என் மச்சான் ஷரிபுதீனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இதை எழுதுவது நான்தான், முகம்மது தம்பி. பேத்தி றிஸ்னா எழுதித் தருகிறாள் என்று நினைக்காதே. அவள் பள்ளிக்கூடம் போய்விட்டாள். என் வீட்டுக்காரி, உன் றாத்தா றஹீமா அடுப்படியில் இருந்து எட்டி எட்டிப் பார்க்கிறாள். "எழுபத்தெட்டு வயசில என்னத்த எழுதப் போறீங்க, கபுறுக் குழிக்குள்ள சோதினையா வெக்கப் போறாங்க" என்று கேட்டாள். நான் எழுதிக்கொண்டே இருந்தேன். எழுதும்போது கதைத்தால் எனக்கு எழுத்து விட்டுப் போகும்.

றிஸ்னா முதலாம் ஆண்டுக்குப் படிப்பிக்கிறாள் என்று உனக்குத் தெரியும். போன வருடம் லீவில் அவளுடைய வகுப்புப் புத்தகம் மேசையில் கிடந்தது. சும்மா எடுத்துப் பார்த்தேன். அதன் பிறகு விடவில்லை. நானாக வாசித்த முதல் சொல் உப்பு. உப்புப் பைக்கற்றில் இருந்தது. வாசித்துவிட்டு அதை நாக்கில் வைத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. இப்போது கல்முனைக்கு பஸ்ஸில் போனால் எல்லாக் கடைப் பலகையும் வாசித்துக்கொண்டு போகிறேன். சத்தமாக வாசிக்கிறேன் என்று கொண்டக்டருக்குக் கோபம். இருக்கட்டும். அவனுக்கு ஐந்து வயதிலேயே கொடுத்துவிட்டார்கள், அருமை தெரியாது.

இன்னொரு சந்தோசம். நீ கொழும்பு ஆவணக் காப்பகத்துக்குக் கொடுத்த பெட்டி இப்போது இன்டர்நெற்றில் வந்துவிட்டது. என்னுடைய நாடகக் கொப்பிகள், பாட்டுப் புத்தகங்கள், ஒத்திகை பதிந்த கசற்றுகள், எல்லாம். றிஸ்னா தாள்களைக் கல்முனையில் பிறின்ற் எடுத்துத் தந்தாள். முதல் தாளில் "முகம்மது தம்பி நாடகத் தொகுப்பு" என்று இருக்கிறது. என் பெயரை நானே வாசித்தேன். நாடகம் கட்டிய காலம் முழுக்க நான் சொல்ல நீ எழுதினாய். நான் கட்டியது எழுத்தில் எப்படி இருக்கும் என்று நான் பார்த்ததே இல்லை. இனித்தான் பார்க்கப் போகிறேன். அதற்காக உனக்குத் துஆச் செய்கிறேன்.

ஒரு வேண்டுகோள். போன் எடுத்துக் கதைக்காதே. கடிதம் எழுது. எனக்கு வாசிக்க வேண்டும். உன் முழங்கால் நோவு, மகன் நஸீர், மருமகள், பிள்ளைகள் எல்லாருடைய சுகமும் எழுது. லுஹர் தொழுதுவிட்டுத் தொடங்கினேன், அஸருக்குப் பாங்கு சொல்கிறது.

உன் மச்சான்
முகம்மது தம்பி


தெஹிவளை
28.01.2024

கண்ணியத்துக்குரிய மச்சான் அவர்களுக்கு, வஅலைக்குமுஸ்ஸலாம்.

தங்கள் கடிதத்தைக் கண்டு நான் அடைந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. நஸீருக்கும் மருமகளுக்கும் காட்டினேன். எழுத்து அழகாக இருக்கிறது. முப்பத்தைந்து வருடம் ஆசிரியராகவும் அதிபராகவும் இருந்தவன், உங்களுக்கு எழுத்துப் படிப்பிக்காமல் விட்டேனே என்று வெட்கமாகவும் இருக்கிறது.

என் முழங்கால் முன்பு போலத்தான். படியேறுவது கஷ்டம். மற்றப்படி அல்லாஹ்வின் கிருபையால் குறை இல்லை.

காப்பகத்தார் செப்டெம்பரில் தங்கள் தொகுப்பைத் திறந்து வைக்க ஒரு விழா எடுக்கிறார்கள். என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். தங்களுக்கும் அழைப்பு வரும். ஆனால் இவ்வளவு தூரம் பயணம் தங்கள் உடம்புக்கு ஆகுமா தெரியவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். அந்தத் தாள்கள் பழையவை, மங்கிப் போனவை. அவற்றை வாசித்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். கசற்றுகளைக் கேளுங்கள். தங்கள் குரலும் ஆர்மோனியமும் நன்றாக இருக்கின்றன. வாசிப்பதற்கு வேறு நல்ல புத்தகங்கள் அனுப்புகிறேன்.

றாத்தாவுக்கும் மகள் பஸீலாவுக்கும் என் ஸலாம்.

தங்கள் அன்பு மச்சான்
ஷரிபுதீன்


மருதமுனை
03.03.2024

மச்சான் ஷரிபுதீனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நீ அனுப்பிய புத்தகங்கள் கிடைத்தன. ஒரு யானைக் கதை வாசித்தேன். நல்லது. ஆனால் நான் என் தாள்களைத்தான் வாசிக்கிறேன். எனக்குக் கண்ணில் ஒரு குறையும் இல்லை. குறை இருந்தது எழுத்தில்தான், அது போய்விட்டது.

முதல் நாடகத்தை வாசித்தபோது சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்தது. நான் தறியில் இருந்து மிதியை மிதிக்க மிதிக்கக் கட்டிய பாட்டு, தாளில் வரிசையாக நிற்கிறது. நீ பக்கத்தில் சாக்கு விரித்து இருந்து எழுதியது எல்லாம் ஞாபகம் வந்தது. எந்தப் பாட்டிலும் கடைசி வரியை நான் கட்டித் தர மாட்டேன். உனக்கு அது பெரிய தொந்தரவு. "அச்சுக்காரன் கேக்கான் மச்சான், இதையும் சொல்லுங்களன்" என்று கெஞ்சுவாய். கடைசி வரியை நான் மேடையில் ஏறி, முன்னால் இருக்கிற முகங்களைப் பார்த்துத்தான் கட்டுவேன். அதுவரைக்கும் ஒத்திகையில் அந்த இடத்தை ஆர்மோனியம் நிரப்பும். நீ கொப்பியில் ஒரு கோடு இழுத்து விடுவாய். பாட்டுப் புத்தகத்திலும் அந்தக் கோட்டைத்தான் அடிப்பார்கள். வாசித்துப் பார்த்தேன், எல்லாப் பாட்டின் அடியிலும் கோடு இருக்கிறது.

"சூறாவளிக் கல்யாணம்" நாடகத்தில் ஒரு பாட்டில் மட்டும் கோடு இல்லை.

அது நம் குடிக்குப் பெரியவரான மரைக்காருக்கு நான் கட்டிய பாட்டு. எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளியில் என் வீடு விழுந்தபோது நான் வாழைச்சேனைக்கு நூல் எடுக்கப் போயிருந்தேன். அஹமதுலெவ்வை மரைக்கார்தான் உள்ளே புகுந்து தொட்டிலில் கிடந்த பஸீலாவைத் தூக்கினார். சுவர் அவர் காலில் விழுந்தது. பிள்ளையை விடவில்லை. பிள்ளை பிழைத்தது, கால் போனது. அதற்குப் பிறகு கோல் ஊன்றித்தான் பள்ளிவாசலுக்கு வந்தார். குடியின் வழக்குகளை அந்தக் கோலை மடியில் வைத்துக்கொண்டுதான் தீர்த்தார். அவருக்கு நான் கொடுக்க என்ன இருந்தது? ஒரு பாட்டு இருந்தது.

தாளில் இப்படி இருக்கிறது:

காத்தடிச்ச நாளையிலே கதவுடைஞ்ச வீட்டினிலே
பாத்திருக்க ஆளில்லாப் பச்சைப்புள்ள அழுகையிலே
காலொண்டு போனாலும் கைப்புள்ள விடமாட்டார்
கோலொண்டு ஊண்டிவந்து குறைநீதி அளப்பாரே

முதல் மூன்று வரி என்னுடையது. நாலாவது என்னுடையது இல்லை. கால் குறைந்தவர், நீதியும் குறைத்துத்தான் அளப்பார் என்று அது சொல்கிறது. முதல் மூன்று வரியையும் அது நக்கலாக மாற்றிவிடுகிறது. நான் வாசித்தது பிழையோ என்று றிஸ்னாவிடம் கொடுத்தேன். அவளும் அப்படித்தான் வாசித்தாள்.

அந்த நாடகம் மேடை ஏறவே இல்லை. உனக்குத் தெரியும். மேடை ஏறாத நாடகத்தில் எனக்கு நாலாம் வரி இருக்க முடியாது. யார் எழுதினது, ஷரிபுதீன்?

நோன்பு வருகிறது. முழங்காலைப் பார்த்துக்கொள். றஹீமா ஸலாம் சொல்கிறாள்.

முகம்மது தம்பி


தெஹிவளை
20.04.2024

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நோன்பும் பெருநாளும் நல்லபடி கழிந்திருக்கும் என நம்புகிறேன். இங்கே இம்முறை வெக்கை அதிகம். மகன் நஸீருக்கு வேலை மாற்றம். பேரப்பிள்ளை ஓ. எல். பரீட்சை எடுக்கிறான். இவற்றால் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாங்கள் கேட்ட விசயம் மிகப் பழையது. எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. அச்சகத்தில் இடம் காலியாக இருந்தால் அவர்களே ஏதாவது போட்டு நிரப்புவது அந்தக் காலத்து வழக்கம். அதைப் பெரிதுபடுத்த வேண்டாம்.

ஒன்றை மட்டும் நினைத்துப் பாருங்கள். அந்தப் பெட்டியை நான் கொழும்புக்குக் கொண்டு வராமல் விட்டிருந்தால், சுனாமியில் தங்கள் வீட்டோடு போயிருக்கும். இன்று ஒரு தாளும் இருக்காது, ஒரு கசற்றும் இருக்காது. பல்கலைக்கழகப் பிள்ளைகள் தங்கள் பெயரைச் சொல்கிறார்கள் என்றால் அதற்கு அந்தப் பெட்டிதான் காரணம்.

விழாவுக்குரிய என் பேச்சை எழுதிக்கொண்டிருக்கிறேன். தங்களைப் பற்றி நல்லதைத்தான் சொல்லப் போகிறேன்.

தங்கள்
ஷரிபுதீன்


மருதமுனை
06.05.2024

ஷரிபுதீனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். ஸலாம் அல்லாஹ்வுக்காகச் சொல்வது, அதனால் சொல்கிறேன்.

அச்சகத்துக்காரன் மேல் போட்டுவிட்டாய். அவன் மௌத்தாகி எத்தனையோ காலம், எழும்பி வந்து மறுக்க மாட்டான். ஆனால் நான் பார்த்தது அச்சடித்த புத்தகத்தை மட்டும் இல்லை. கொப்பியும் பிறின்ற் எடுத்து வந்திருக்கிறது. உன் கையால் எழுதின கொப்பி. அதிலும் நாலாம் வரி இருக்கிறது. உன் ஜனவரிக் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நீ எழுதுகிற ளகரத்துக்கு ஒரு நீண்ட வால் இருக்கும். அளப்பாரே என்பதில் அந்த வால் இருக்கிறது.

நான் வாசிக்கப் பழகுவேன் என்று நீ நினைக்கவில்லை. நினைத்திருந்தால் பெட்டியைக் கொடுத்திருக்க மாட்டாய்.

இனி நான் சொல்வதைக் கேள். அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிக்குள் என்னைக் கூப்பிட்டார்கள். பாட்டுப் புத்தகம் கடைத்தெருவில் விற்கத் தொடங்கியிருந்தது. மரைக்கார் சுவரோடு இருந்தார், மடியில் கோல், கோலின் மேல் புத்தகம். பள்ளித் தலைவர்தான் கேட்டார்.

"இது நீ கட்டினதா, தம்பி?"

நான் எழும்பி நின்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். "ஓம். ஒவ்வொரு சொல்லும் நான் கட்டினதுதான்."

வாசிக்கத் தெரியாதவன் வேறு என்ன சொல்லுவான்? அட்டையில் என் பெயர் இருக்கிறது என்று நீதானே எனக்குக் காட்டினாய். மரைக்கார் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு கோலை ஊன்றி எழும்பிப் போய்விட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது, ஷரிபுதீன். பாட்டைக் கண்டு அவருக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

இனிக் கவி கட்டமாட்டேன் என்று பள்ளிக்குள் வைத்து என்னிடம் சத்தியம் வாங்கினார்கள். ஏன் என்று கேட்டேன். "செய்தவனுக்குத் தெரியும்" என்றார்கள். வெளியே படியில் நீ நின்றாய். உன்னிடம் கேட்டேன். "ஆட்டம் பாட்டு எண்டா அவங்களுக்குப் புடிக்காதே மச்சான், ஆர்மோனியம் ஹறாமாம்" என்றாய். நான் நம்பினேன். ஆர்மோனியத்தை விற்றேன். அன்றிலிருந்து ஒரு வரி கட்டவில்லை. தறியில் மிதி மிதிக்கும்போது வாயில் வரும், பல்லைக் கடித்து விழுங்குவேன். நாற்பது வருடத்துக்கு மேலாக விழுங்கினேன்.

புத்தகம் வந்த நாளில் உன்னை வாசித்துக் காட்டச் சொன்னேன். மரைக்கார் பாட்டு வந்ததும் மூன்று வரி வாசித்து, "இதுக்குக் கீழ கோடு" என்றாய். அந்தக் கோடு எங்கே?

பஸீலாவின் கல்யாணத்துக்கு மரைக்கார் வரவில்லை. அவர் காலைக் கொடுத்துத் தூக்கின பிள்ளை அவள். வேறொருவரை அனுப்பினார். அவர் மௌத்தான அன்று ஜனாஸாவில் சந்தூக்குப் பெட்டியைத் தூக்க நான் தோள் கொடுத்தேன். மூத்த மகன் என் கையை எடுத்துவிட்டான். நாடகக்காரன் என்று ஒதுக்குகிறார்கள் என்று நினைத்து அழுதேன். அவருடைய காலைப் பார்த்துச் சிரித்தவன் என்று ஒதுக்கியிருக்கிறார்கள்.

நீ ஏன் செய்தாய் என்று நான் யோசித்தேன். தன் மகள் நஸீறாவை மரைக்கார் உனக்குக் கட்டித் தரவில்லை. அந்தக் கோபத்தை உன் பெயரில் காட்டியிருக்கலாம். என் பெயர்தானா கிடைத்தது?

றஹீமா என்னோடு கதைக்காமல் இருக்கிறாள். நீ அவளுடைய தம்பி அல்லவா. சோறு மட்டும் வைக்கிறாள்.

முகம்மது தம்பி


மருதமுனை
09.06.2024

ஷரிபுதீனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உன்னிடம் இருந்து கடிதம் இல்லை. பஸீலாவின் போனுக்கு நீ நாலைந்து முறை எடுத்தாய். அவள் கொண்டுவந்து என் காதில் வைக்கப் பார்த்தாள். நான் எழும்பிப் போய்விட்டேன். போனில் கதைத்தால் நீதான் வெல்லுவாய், எப்போதும் அப்படித்தான். கதைத்தது காற்றில் போய்விடும், நாளைக்கு நான் அப்படிச் சொல்லவில்லை என்பாய். தாளில் எழுது.

பஸீலாவுக்கு நீ சொன்னதை அவள் சொன்னாள். வாப்பாவுக்கு வயதாகிவிட்டது, சின்ன விசயத்தைப் பெரிதாக்குகிறார் என்றாயாம். அவள் உன்னிடம் என்ன சொன்னாள் என்று எனக்குச் சொல்லவில்லை. ஆனால் அன்று முழுக்கப் பாத்திரங்களைப் போட்டு உடைக்கிற மாதிரிக் கழுவினாள்.

நான் நஸீறாவிடம் போனேன். நீயும் கேட்டுக்கொள். அவளைக் கட்டின மாப்பிள்ளை மௌத்தாகிவிட்டார். வாப்பா சீதனமாய்க் கொடுத்த அதே வீட்டில்தான் இருக்கிறாள். இத்தனை காலம் அந்த வாசலால் போகும்போது நான் சைக்கிளை விட்டு இறங்கித் தலையைக் குனிந்து தள்ளிக்கொண்டு போவேன். இந்த முறை கதவைத் தட்டினேன்.

கதவைத் திறந்தவள், உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. நான் நின்றபடியே எல்லாம் சொன்னேன். நாலாம் வரி என்னுடையது இல்லை என்றேன். யாருடையது என்றும் சொன்னேன். அந்தப் புத்தகத்தை வாப்பா மௌத்தாகும் வரைக்கும் தலையணைக்குக் கீழே வைத்திருந்ததாகச் சொன்னாள். குர்ஆன் ஓத எழும்பும்போதெல்லாம் அது கையில் படுமாம். அவரிடம் யாராவது என் பெயரைச் சொன்னால், "அவன்ட புள்ள சுகமா இரிக்காளா?" என்று மட்டும் கேட்பாராம். என்னைப் பற்றி ஒன்றும் கேட்க மாட்டாராம்.

கசற்றைப் போட்டுக் காட்டட்டுமா என்றேன். வேண்டாம் என்றாள்.

"வாயால எல்லாரும் சொல்லுவாங்க, தம்பிக் காக்கா. அண்டைக்கி நீங்களும் வாயாலதான் ஓம் எண்டு சொன்னீங்க. வாப்பாக்கிட்ட வந்தது அச்சடிச்ச கடுதாசி. எழுதினவர்ட கையால கடுதாசி கொண்டாங்க, பொறகு கேக்கன்."

அண்ணன் முறை வைத்துக் காக்கா என்றாள், கதவைச் சாத்தினாள். நியாயம்தான். வாப்பாவின் மகள்.

அந்தக் கடுதாசிதான் எனக்கு வேண்டும். கதையும் வேண்டாம், காரணமும் வேண்டாம். அந்த வரியை எழுதினது யார் என்று எழுதிக் கையெழுத்து வை. அவளுக்கும் வயதாகிவிட்டது, எனக்கும் வயதாகிவிட்டது. இரண்டு பேரில் ஒருவர் போனால் பிறகு நீ எழுதியும் வேலை இல்லை. அல்லாஹ்விடம் போய் மரைக்கார் முன்னால் நிற்கும்போது நான் வெறுங்கையோடு நிற்க மாட்டேன்.

முகம்மது தம்பி


தெஹிவளை
01.07.2024

மச்சான் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

ஹஜ்ஜுப் பெருநாள் வாழ்த்துகள். நான் பதில் எழுதாமல் இருந்ததற்கு நோயும் ஒரு காரணம்.

தங்கள் கடிதங்கள் என்னை மிகவும் புண்படுத்திவிட்டன. தாங்கள் தறியில் இருந்து சொல்லச் சொல்ல, எத்தனை வருடம் என் படிப்பையும் விட்டு எழுதினேன் என்று நினைத்துப் பார்க்கிறீர்களா? என் பெயர் எந்த அட்டையிலும் இல்லை. நான் கேட்டதும் இல்லை. ஊரில் எல்லாரும் "தம்பியின் நாடகம்" என்றார்கள். "நீ யார்?" என்று கேட்டால், "நான் எழுதிக் கொடுக்கிறவன்" என்றுதான் சொன்னேன். நான் இல்லாவிட்டால் அந்தப் பாட்டுகள் தறியோடு போயிருக்கும். இன்று காப்பகம் என்றும் தொகுப்பு என்றும் பேச என்ன இருந்திருக்கும்?

இளம் வயதில் மனிதன் எத்தனையோ மனநிலையில் இருப்பான். அதையெல்லாம் இப்போது கிளறி யாருக்கு நன்மை? மரைக்கார் மௌத்தாகிவிட்டார். தலைவர் மௌத்தாகிவிட்டார். மேடை போட இருந்த பள்ளிக்கூடக் கொட்டகையையும் கடல் கொண்டுபோய்விட்டது. விழாவுக்கு அழைப்பிதழ் அடித்துவிட்டார்கள். தாங்கள் காப்பகத்துக்கு ஏதும் எழுதிவிட வேண்டாம். அவர்கள் முன்னால் என் மானம் போகும். தங்கள் தொகுப்பும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

றாத்தாவுக்கு என் ஸலாம். பஸீலாவுக்கும்.

நஸீறா சுகமாக இருக்கிறாவா? கண் தெரிகிறதா? நடமாடுகிறாவா?

ஷரிபுதீன்


மருதமுனை
15.07.2024

ஷரிபுதீன், அஸ்ஸலாமு அலைக்கும்.

நஸீறா சுகம். கண் தெரிகிறது. நடக்கிறாள். ஒரு கைத்தடியும் இல்லை.

ஜனவரி முதல் நீ எழுதிய கடிதங்களை எடுத்து அடுக்கி வைத்து வாசித்தேன். எல்லாவற்றிலும் சுகம் கேட்கிறாய். உண்மையாகக் கேட்டது அந்தக் கடைசி வரி ஒன்றுதான்.

நீ எழுதித் தந்ததற்கு நன்றி இல்லாதவன் நான் இல்லை. உன் பெயரையும் அட்டையில் போடு என்று எத்தனை முறை சொன்னேன். வாத்தியார் உத்தியோகம் கிடைக்காது, நாடகக்காரன் என்பார்கள் என்று நீதான் வேண்டாம் என்றாய். புகழ் வந்தால் வரட்டும், அடி விழுந்தால் தம்பியின் முதுகில் விழட்டும் என்று நின்றாய். அடி விழுந்தது. இப்போது வந்து பங்கு கேட்கிறாய்.

மரைக்கார் மௌத்தாகிவிட்டார் என்று எழுதுகிறாய். அது எனக்குத் தெரியாதா? அதனால்தான் கோபம். உயிரோடு இருந்தால் காலைப் பிடித்திருப்பேன். மிச்சம் இருந்த காலை.

உன் மானம் போகுமாம். என் மானம் போன நாளில் நீ படியில் நின்று என் செருப்பைக் கையில் வைத்திருந்தாய். அதைக் கீழே போட்டு, "போடுங்க மச்சான், போவம்" என்றாய்.

விழா எந்த நாள் என்று றிஸ்னா பார்த்துவிட்டாள். கல்முனையில் இருந்து பஸ் இருக்கிறது. என் உடம்புக்குப் பயணம் ஆகும். பேச்சு முடிந்ததும் நான் எழும்பி அந்த நாலு வரியையும் வாசிப்பேன். மெதுவாகத்தான் வாசிப்பேன், எழுத்துக் கூட்டி. எல்லாரும் காத்திருக்கட்டும். அதற்கு முன் கடுதாசி வந்தால் நான் வர மாட்டேன்.

றஹீமா இதை வாசித்துக் காட்டச் சொன்னாள். காட்டினேன். நீ எழுதிய கடிதத்தையும் காட்டினேன். பிறகு, "எழுதட்டும்" என்றாள். அவ்வளவுதான். உன் றாத்தா சொன்னது.

முகம்மது தம்பி


தெஹிவளை
30.08.2024

கோலொண்டு ஊண்டிவந்து குறைநீதி அளப்பாரே

அஹமதுலெவ்வை முகம்மது ஷரிபுதீன்


மருதமுனை
22.09.2024

ஷரிபுதீனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

வந்தது. உறையைப் பிரித்து ஒரு வரிதான் இருக்கக் கண்டபோது, இவ்வளவு சின்னக் கடிதத்தை யாரும் எனக்கு எழுதவில்லை என்று நினைத்தேன். பிறகு உன் முழுப் பெயரை வாசித்தேன். உன் வாப்பாவுக்கும் மரைக்காருக்கும் ஒரே பெயர் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. உனக்கு மறந்திருக்காது.

சொன்னபடி விழாவுக்கு வரவில்லை. நீயும் பேசவில்லை, சுகமில்லை என்று அறிவித்தார்கள் என்று றிஸ்னா இன்டர்நெற்றில் பார்த்துச் சொன்னாள்.

தாளை நஸீறாவிடம் கொண்டு போனேன். வாசலில் நின்று நீட்டினேன். வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். வாசிக்க ஒரு நிமிடம் போதும். அவள் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். எழுத்தைத்தான் பார்த்தாள், வரியை இல்லை. "ளகரத்துக்கு இப்பவும் வால்தான்" என்றாள். அவளுக்கு அந்த வால் எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. நீயும் எனக்குச் சொல்ல வேண்டாம்.

தாளை மடித்து உள்ளே கொண்டு போனாள். திருப்பித் தரவில்லை. உள்ளே இருந்துதான் கூப்பிட்டாள்.

"வாங்க, தம்பிக் காக்கா. கசற்றைப் போடுங்க."

றிஸ்னாவின் போனில் போட்டேன். ஒத்திகையில் பதிந்தது. என் குரல் அந்தக் காலத்தில் இப்படியா இருந்தது என்று எனக்கே ஆச்சரியம். காத்தடிச்ச நாளையிலே என்று எடுக்கிறேன். பின்னால் தறிகள் ஓடுகிற சத்தம். மூன்றாம் வரி முடிந்ததும் ஆர்மோனியம் மட்டும் வாசிக்கிறது, நாலாம் வரியின் இடத்தில். அதோடு பாட்டு நின்றுவிட்டது. நஸீறா போனையே பார்த்துக்கொண்டு இருந்தாள்.

"முடியல்லியே."

"மேடையில கட்ட வெச்சிருந்த வரி, நஸீறா. வாப்பா முன்னுக்கு இருப்பார், அவர்ட முகத்தைப் பாத்துக் கட்டலாம் எண்டு விட்டு வெச்சன்."

"வாப்பா இல்ல. நான் இரிக்கன். என்ட முகத்தைப் பாத்துக் கட்டுங்க."

சத்தியம் இருக்கிறது என்றேன். அந்தச் சத்தியம் எதற்காக வாங்கினது என்று கேட்டாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவளுக்கு வாப்பாவின் நெற்றி. காலை மடித்துச் சுவரோடு அவர் இருந்த மாதிரியே இருந்தாள். என் கால் தன் பாட்டில் மிதியை மிதிக்கத் தொடங்கியது, தரையில், தறி இல்லாமல்.

காலொண்டு போனாலும் கைப்புள்ள விடமாட்டார்
நூலொண்டு அறுந்தாலும் நெய்தபுடவை கிழியாதே

இது உனக்குச் சொன்னது இல்லை. மரைக்காருக்குச் சொன்னது. உன்னுடைய வரிக்கும் எதுகை சரியாகத்தான் இருக்கிறது. அதுதான் எனக்கு இன்னும் கோபம். நன்றாக எழுதத் தெரிந்தவன் நல்லதை எழுதியிருக்கலாம்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். காப்பகத்துக்குப் போ. உன் வரியை அழிக்க விடாதே. அதற்கு நேரே உன் பெயரைப் போடச் சொல். கீழே என் வரியை, என் பெயரோடு போடச் சொல். வாசிக்கிற பிள்ளைகள் இரண்டையும் வாசிக்கட்டும்.

அடுத்தது. பள்ளி மௌலவியிடம் கேட்டேன். சத்தியத்தை முறித்தால் கப்பாறா என்ற பரிகாரம் உண்டு, பத்து ஏழைகளுக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டும். நஸீறாவின் முற்றத்தில் சமைப்பது என்று முடிவு. ஆட்கள் வந்ததும் சோறு சுமக்கவும் கறி ஊற்றவும் கை கழுவத் தண்ணீர் வார்க்கவும் ஆள் வேண்டும். நீ வா. முழங்கால் நோகும். நோகட்டும்.

ஒரே சஹன் தட்டில் என்னோடு சாப்பிட உன்னை இருத்த மாட்டேன். றஹீமா அடுப்படியில் உனக்கென்று எடுத்து வைப்பாள் என்று தெரியும். அதை நான் பார்க்காத மாதிரி இருப்பேன்.

முகம்மது தம்பி